ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்ட் உண்டு... நெய்வேலியில் ஆன்மப் பசிக்கு யார் சோறு போடுகிறார்?

நெய்வேலி அனல்மின் நிலையத்துக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. பாய்லரை சனிக்கிழமை ராத்திரி அணைத்து, திங்கட்கிழமை காலையில் பற்றவைக்க முடியாது. சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரி வெட்டும் ராட்சதச் சக்கர இயந்திரங்களுக்கும், அதை மின் நிலையத்துக்குக் கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டுகளுக்கும் வாரத்தின் ஏழு நாளும் ஒன்றுதான். 1956-ல் நிறுவனம் தொடங்கி, 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்து, 1962-ல் முதல் யூனிட்டில் மின்சாரம் வந்த நாளிலிருந்து இந்த ஊரின் நேரத்தை ஷிஃப்ட்தான் தீர்மானிக்கிறது.

இங்கே வாழும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அவர்களுடைய வாரமே ஞாயிறு காலை ஆராதனையைச் சுற்றித்தான் சுழல வேண்டும். ஆனால், ஷிஃப்ட் அட்டவணை அப்படிச் சுழல்வதில்லை. ஒரு ஞாயிறு காலை ஷிஃப்ட், அடுத்த ஞாயிறு மதிய ஷிஃப்ட், அதற்கடுத்தது இரவு ஷிஃப்ட் முடித்து வந்து விழும் தூக்கம். மனைவியும் பிள்ளைகளும் ஆலயத்தில் இருப்பார்கள். அப்பா கன்ட்ரோல் ரூமில் இருப்பார்.

அப்படியென்றால் அப்பாவுக்கு ஆன்மிக உணவு எப்போது?

கேள்வி சின்னதாகத் தெரியலாம். ஆனால் உணவு என்பதைக் கிறிஸ்தவம் சும்மா ஓர் அலங்காரச் சொல்லாக வைத்திருக்கவில்லை. தமிழ்த் திருச்சபைகளின் சொற்களைப் பாருங்கள். சி.எஸ்.ஐ. சபைகளில் அது 'திருவிருந்து'. பல லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில் 'ராப்போஜனம்', அதாவது இரவுச் சாப்பாடு. கத்தோலிக்கர்களுக்கு 'நற்கருணை' என்றாலும், கையில் தரப்படுவது அப்பம்தான். திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கத்து சபைகளில் ஊரே பந்தியில் உட்காரும் நாளுக்கு 'அசனப் பண்டிகை' என்று பெயர். சோறு வேகும்போது முதலில் ஒரு பிடி அரிசியை எடுத்து ஆலயத்துக்கு என்று தனியே போட்டுவைக்கும் வழக்கமும் பல வீடுகளில் இருந்தது. மிசோரமில் இதே பழக்கம் 1910 முதல் ஒரு பெரிய இயக்கமாகவே நடக்கிறது. சாமி விஷயமும் சாப்பாட்டு விஷயமும் இவ்வளவு நெருக்கமாக இருக்கும் மார்க்கத்தில், ஒருவர் மூன்று வாரம் பந்திக்கு வர முடியவில்லை என்றால் அது கவலைப்பட வேண்டிய சங்கதிதான்.

ராத்திரி தாண்டினால் புழு

இந்தக் கவலைக்கான மிகப் பழைய பதில் யாத்திராகமத்தில், 16-ம் அதிகாரத்தில் இருக்கிறது. எகிப்தில் செங்கல் அறுத்துக்கொண்டிருந்த அடிமைகள் விடுதலையாகி வனாந்தரத்துக்கு வருகிறார்கள். சாப்பிட ஒன்றுமில்லை. 'எகிப்திலேயே இறைச்சிப் பானைக்குப் பக்கத்தில் செத்திருக்கலாமே' என்ற ரீதியில் முறுமுறுக்கிறார்கள். மறுநாள் காலையில் பனி விலகியதும் தரையில் பொடிப்பொடியாக ஏதோ கிடக்கிறது. 'இது என்ன?' என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியே அதன் பெயராகிவிட்டது: மன்னா.

இந்தக் கதையில் அற்புதத்தைவிட விதிமுறைகள்தான் சுவாரஸ்யம். ஆளுக்கு ஓர் ஓமர் அளவு. நிறைய சேர்த்தவனுக்கு மிஞ்சவில்லை, கொஞ்சம் சேர்த்தவனுக்குக் குறையவும் இல்லை. நாளைக்கு ஆகட்டும் என்று எடுத்துவைத்தால் புழு வைத்து நாறிப்போகும். வெயில் ஏறினால் உருகிவிடும். ஓய்வுநாளில் மட்டும் கிடைக்காது. அதனால் ஆறாம் நாளில் இரண்டு மடங்கு சேர்த்துக்கொள்ளலாம், அன்றைக்கு மட்டும் புழு வராது.

அதாவது, கடவுளை நம்புவது என்பதை அன்றன்றைக்கு நம்புவதாகத்தான் இந்தக் கதை காட்டுகிறது. ஸ்டாக் வைக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிநேரம் கேட்ட பிரசங்கத்தை சனிக்கிழமை வரை இழுத்துக்கொள்ளலாம் என்பது, மன்னாவைப் பானையில் மூடிவைப்பது மாதிரிதான். ஷிஃப்ட் தொழிலாளிக்கு இது ஒருவகையில் ஆறுதல். அவர் இழப்பது வாரத்தின் ஒரு நாளை. மன்னா விழுவதோ ஏழில் ஆறு நாள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தினமும் கிடைத்ததாலேயே மக்களுக்கு மன்னா அலுத்தும்போனது. எகிப்தில் தின்ற மீன், வெள்ளரிக்காய், வெங்காயம், பூண்டு எல்லாவற்றையும் பட்டியல் போட்டு அழுதார்கள் என்கிறது எண்ணாகமம். ஒரே ஹாஸ்டல் மெஸ்ஸில் நான்கு வருடம் சாப்பிட்டவர்களுக்கு இந்த இடம் நன்றாகப் புரியும். தினசரி ஜெபமும் அலுக்கும். அதைப் பைபிளே மறைக்கவில்லை.

'அன்றாட' என்ற புதிர்ச் சொல்

இயேசு சொல்லிக்கொடுத்த ஜெபத்திலும் இதே கணக்கு வருகிறது. அதில் கேட்கப்படுவது ஒரு மாத மளிகை அல்ல, அன்றைக்கான ஆகாரம். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. அந்த 'அன்றாட' என்று நாம் மொழிபெயர்க்கும் கிரேக்கச் சொல்லான 'எபியூசியோஸ்' என்பதற்கு உண்மையில் என்ன அர்த்தம் என்று அறிஞர்கள் இன்றுவரை முட்டிமோதுகிறார்கள். மத்தேயு, லூக்கா இரண்டு நற்செய்திகளிலும் இந்த ஜெபத்தில் மட்டும்தான் அது வருகிறது. 3-ம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓரிகன், தன் தாய்மொழி கிரேக்கத்தில் யாரும் இந்தச் சொல்லைப் பேசிக் கேட்டதில்லை, நற்செய்தியாளர்களே உருவாக்கியிருக்க வேண்டும் என்றார். லத்தீனில் பெயர்த்த ஜெரோம், லூக்காவில் 'அன்றாட' என்றும், மத்தேயுவில் 'பொருளுக்கு மேலான' என்றும் இரண்டு விதமாக எழுதினார். ஒன்று வயிற்றுக்கு, இன்னொன்று ஆன்மாவுக்கு.

எது சரி? இரண்டையுமே சபை வைத்துக்கொண்டது. அது நல்லதுதான் என்று தோன்றுகிறது. வயிற்றுச் சோற்றை விட்டுவிட்டு ஆன்ம உணவை மட்டும் பேசும் பிரசங்கம் பசித்தவனிடம் எடுபடாது. நெய்வேலிக்குப் பக்கத்திலேயே, வடலூரில் 1867-ல் வள்ளலார் ஏற்றிய அடுப்பு இன்னும் அணையாமல் எரிவதை இந்தப் பகுதி மக்கள் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள். அங்கேயும் பசியாற்றுவதில் தொடங்கித்தான் ஆன்மிகம்.

ஆகாரம் என்ற சொல் இந்த மண்ணில் இன்னொரு பாரத்தையும் சுமக்கிறது. டவுன்ஷிப்பும் சுரங்கமும் ஒருகாலத்தில் வயலும் முந்திரித் தோப்பும் கிராமங்களுமாக இருந்தவை. 2023 ஜூலையில் இரண்டாவது சுரங்க விரிவாக்கப் பணிக்காக வளையமாதேவியில் கால்வாய் வெட்டியபோது, வளர்ந்து நின்ற நெற்பயிர் மீது இயந்திரங்கள் ஏறிய காட்சியைத் தமிழ்நாடே டி.வி-யில் பார்த்தது. குவார்ட்டர்ஸ் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அன்றைய ஆகாரத்துக்காக ஜெபிக்கிற குடும்பத்துக்கு இது தர்மசங்கடமான விஷயம். அந்த ஜெபம் 'எனக்கு' என்று கேட்பதில்லை, 'எங்களுக்கு' என்று கேட்கிறது. அந்த 'எங்களில்' வளையமாதேவி விவசாயியும் உண்டுதானே?

போப் மாற்றிய சாப்பாட்டு நேரம்

ஷிஃப்ட் தொழிலாளியின் பிரச்னையை சபை கவனிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. கத்தோலிக்கத் திருச்சபையில் நற்கருணை வாங்க வேண்டும் என்றால், நள்ளிரவிலிருந்து சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது பல நூற்றாண்டு விதி. ஃபர்னஸ் முன்னால் ராத்திரி முழுக்க வியர்வை சிந்துபவரால் அது முடியுமா?

1953-ல் பன்னிரண்டாம் பத்திநாதர் இந்த விதியைத் தளர்த்தினார். தண்ணீர் குடித்தால் விரதம் முறியாது என்றார், மாலை நேரத்தில் திருப்பலி வைக்கவும் வழிவிட்டார். அதற்கு அவர் சொன்ன காரணங்களில் ஷிஃப்ட் முறையில் உழைக்கும் தொழிலாளர்களின் நிலைமையும் ஒன்று. 1957-ல், அதாவது நெய்வேலியில் முதல் மண்வெட்டி விழுந்த அதே வருடம், விரதம் மூன்று மணி நேரமாகக் குறைந்தது. 1964-ல் ஆறாம் பவுல் அதை ஒரு மணி நேரமாக்கினார். சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் கலந்துகொண்டாலே ஞாயிறு கடமை நிறைவேறிவிடும் என்று இப்போதைய திருச்சபைச் சட்டம் சொல்கிறது. ஆறாம் நாளில் இரட்டை மன்னா!

1955-ல் மே 1-ம் தேதியைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக அறிவித்தவரும் அதே போப்தான். இந்தத் தச்சர் நெய்வேலிக்காரர்களுக்கு அந்நியர் இல்லை. விருத்தாசலம் பக்கத்துக் கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதா ஆலயத்தை எழுப்பிய வீரமாமுனிவர், 1726-ல் முடித்த தேம்பாவணிக்கு இவரைத்தான் காப்பியத் தலைவராக்கினார். 3,615 பாடல்கள்! நற்செய்தி நூல்களிலோ சூசையப்பர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. கனவில் கேட்கிறார், எழுந்து வேலையைச் செய்கிறார். அவ்வளவுதான்.

ஆலயம் போக முடியாதவர்கள்

வீட்டில் தனியாக உட்கார்ந்து பைபிளைத் திறப்பது இன்று சர்வ சாதாரணம். அது சாத்தியமானதே பெரிய கதை. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க், குழந்தைகளோடு மணலில் உட்கார்ந்து தமிழ் எழுத்து கற்றதாகச் சொல்வார்கள். 1714-ல் நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715-ல் புதிய ஏற்பாடு முழுவதும் அங்கே தமிழில் அச்சாகின. காகிதம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்ததால், ஜெர்மனியிலிருந்து வந்த பெரிய எழுத்துகளை விட்டுவிட்டு, சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். நெய்வேலியிலிருந்து சிதம்பரம், சீர்காழி தாண்டிப் போனால் வரும் ஊர்தான். பந்திக்கு வர முடியாதவருக்கு வீட்டுக்கே சோற்றைக் கட்டிக் கொடுத்தனுப்பும் வேலை அங்கேதான் ஆரம்பித்தது என்று சொல்லலாம்.

அந்தக் கட்டுச்சோற்றை வைத்துக்கொண்டு எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்க முடியும்? தமிழ்நாட்டிலேயே அதற்கு ஒரு சாட்சி உண்டு. அயர்லாந்தில் பிறந்து, 1895-ல் இந்தியா வந்து, திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு அம்மாவாக வாழ்ந்த ஏமி கார்மைக்கேல். பணத்துக்காக மனிதர்களிடம் கையேந்துவதில்லை, தேவையைக் கடவுளிடம் மட்டும் சொல்வது என்ற கொள்கையோடு அந்த இல்லத்தை நடத்தியவர். 1931-ல் கீழே விழுந்து பலமாக அடிபட்டது. அதன் பிறகு 1951 ஜனவரியில் சாகும்வரை, ஏறத்தாழ 20 வருடம், பெரும்பாலும் தன் அறைக்குள்ளேயே இருந்தார். தீராத வலி, தூக்கமில்லாத ராத்திரிகள். அந்தப் படுக்கையிலிருந்துதான் புத்தகம் புத்தகமாக எழுதினார். கல்லறையில் கல்வெட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கும் ஒரு கல்தொட்டியைத்தான் பிள்ளைகள் அங்கே வைத்தார்கள்.

சரி, ஏமி மாதிரி எல்லோருக்கும் வாய்க்குமா? ஜெபித்தும் ஒன்றும் கிடைக்காவிட்டால்?

இதற்கும் ஒரு சாட்சி இருக்கிறது, அதுவும் யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து. அன்னை தெரசா இறந்து பத்து வருடம் கழித்து, 2007-ல் அவருடைய தனிப்பட்ட கடிதங்கள் புத்தகமாக வந்தபோது உலகமே அதிர்ந்தது. கொல்கத்தாத் தெருக்களில் அவர் சேவை செய்த காலத்தில் பெரும்பகுதி, ஏறக்குறைய 50 வருடம், உள்ளே கடவுளின் பிரசன்னத்தையே அவரால் உணர முடியவில்லை. வெறுமை. இருட்டு. ஆனாலும் விடிகாலையில் எழுந்து ஜெபத்தில் முழங்காலிட்டார், திருப்பலியில் அப்பம் வாங்கினார், பிறகு தெருவில் இறங்கிப் போனார். ருசி தெரியாமலே சாப்பிட்டார். காய்ச்சல்காரருக்குக் கஞ்சி கசக்கும், ஆனால் அந்தக் கஞ்சிதான் உடம்பில் ஒட்டும். 'ஜெபித்தால் மனசு லேசாகிவிடும்' என்று மேடையில் சுலபமாகச் சொல்பவர்கள் இந்தக் கடிதங்களை ஒருமுறை வாசிப்பது நல்லது.

2020 ஜூலை 1

நெய்வேலியில் இந்தக் கேள்வி புத்தகத்தோடு நிற்கவில்லை. 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தது. ஆலயங்கள் பூட்டப்பட்டன. புனித வெள்ளியும், ஏப்ரல் 12-ல் வந்த ஈஸ்டரும் செல்போன் திரையில் கழிந்தன. மின்சாரம் அத்தியாவசியம் என்பதால் அனல்மின் நிலையம் மட்டும் நிற்கவில்லை. ஆலயம் மூடியிருந்தது, வேலை திறந்திருந்தது.

மே 7 அன்று இரண்டாவது அனல்மின் நிலையத்தில் பாய்லர் விபத்து. அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள் ஜூலை 1 காலையில் அதே நிலையத்தில் இன்னொரு பாய்லர் வெடித்தது. 6 பேர் அன்றே இறந்தார்கள். தீக்காயங்களோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் இன்னும் சிலர் அடுத்தடுத்த நாள்களில் இறந்தார்கள். நிரந்தரத் தொழிலாளர்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்று பேதமில்லாமல் பாதிப்பு. தமிழ்நாட்டில் எல்லா வழிபாட்டுத் தலங்களும் பழையபடி திறக்க செப்டம்பர் 1 ஆனது. இடைப்பட்ட இரண்டு மாதமும், எந்த மதத்துக்காரர் என்றாலும் ஊர் கூடி அழக்கூட வழியில்லை. அடுத்த ஷிஃப்டுக்கு டிபன் பாக்ஸோடு கிளம்பிய கணவனைக் கேட் வரை வந்து வழியனுப்பிய பெண்களுக்கு, அன்றைக்குத் தேவைப்பட்ட ஜெபம் நீளமானது அல்ல. போனவர் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட நாளில் சுலபமான வசனங்கள் எரிச்சலைத்தான் கிளப்பும். இங்கே ஒரு சின்ன குறையைச் சொல்லலாம். புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது தமிழ்க் கிறிஸ்தவர்களின் பிரியமான வழக்கம். எனக்கு என்ன வசனம் வருமோ என்று கை நடுங்க எடுத்து, வருடம் முழுக்க பைபிளுக்குள் வைத்திருப்பார்கள். அது ஓர் அழகு. இப்போதோ காலை ஐந்து மணிக்கே வாட்ஸ்அப்பில் சூரிய உதயப் படத்தோடு பதினைந்து வாக்குத்தத்தங்கள் வந்து விழுகின்றன. வாசிக்காமலேயே கட்டைவிரல் அதை அடுத்த குரூப்புக்குத் தள்ளிவிடுகிறது. மன்னாவைப் பொறுக்கி, தின்னாமல் பக்கத்துக் கூடாரத்துக்குக் கொடுத்தனுப்புவதுபோலத்தான்.

முதலில் தூங்கு

ஷிஃப்ட் தொழிலாளிக்கு உண்மையிலேயே பொருந்தும் பைபிள் பகுதி மன்னாகூட இல்லை. அது ஒன்று இராஜாக்கள் 19-ம் அதிகாரம். எலியா தீர்க்கதரிசி. கேரீத் ஆற்றங்கரையில் காகங்கள் ரொட்டியும் இறைச்சியும் கொண்டுவந்து கொடுக்கச் சாப்பிட்டவர், சாறிபாத் விதவையின் பானையில் மாவு தீராததைப் பார்த்தவர். அப்பேர்ப்பட்டவர் உயிருக்குப் பயந்து ஓடி, களைத்து, ஒரு சூரைச்செடியின் கீழே விழுந்து, 'போதும், செத்துப்போகிறேன்' என்கிறார்.

வானத்திலிருந்து அறிவுரை வரவில்லை. 'உன் விசுவாசம் எங்கே?' என்ற கண்டிப்பும் இல்லை. அவர் தூங்கிவிடுகிறார். ஒரு தூதன் தட்டி எழுப்பி, சாப்பிடு என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்குகிறார். தூதன் அப்போதும் திட்டவில்லை. இரண்டாவது முறையும் எழுப்பி, போக வேண்டிய தூரம் அதிகம், இன்னும் சாப்பிடு என்கிறான். கடவுள் பேசுவதெல்லாம் அதற்குப் பிறகு, 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான். அங்கேயும் காற்றிலும் பூகம்பத்திலும் நெருப்பிலும் இல்லை, மெல்லிய சத்தத்தில்.

நெய்வேலிக்கு அடியில் பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே, பெரும் அழுத்தத்தோடு ஊற்றுநீர் இருக்கிறது. ராட்சத பம்புகள் இரவும் பகலும் அதை வெளியேற்றிக்கொண்டே இருப்பதால்தான் சுரங்கமே இயங்குகிறது. பம்புகள் நின்றால், அழுத்தம் தாங்காமல் சுரங்கத்தின் தரையே மேலே பிளந்துவிடும் என்பார்கள் பொறியாளர்கள். டவுன்ஷிப்பில் வளரும் பிள்ளைகளுக்கு இது பள்ளிக்கூடத்துப் பாடம் மாதிரி. எரேமியா புத்தகத்தில் ஊற்றை விட்டுவிட்டு வெடித்த தொட்டிகளைக் கட்டிக்கொண்டவர்களைப் பற்றிப் படிக்கும்போது, வேறு ஊர்க்காரர்களுக்குத் தோன்றாதது அவர்களுக்குத் தோன்றக்கூடும்.

ஓய்வுபெறும்போது குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். 30 வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த ஆலயத்தையும் அன்றோடு விட வேண்டியிருக்கும். பீரோவும் கட்டிலும் லாரியில் ஏறும்போது, அட்டை பிய்ந்த குடும்ப பைபிள் மட்டும் அம்மாவின் கைப்பையில் போகும். ஆனால் அது நாளைய கதை.

இந்த ஞாயிறு இரவு ஷிஃப்ட் முடித்தவர் யூனிஃபார்மை மாற்றிவிட்டு, ஸ்கூட்டரில் நேராக ஆலயத்துக்கு வருவார். கடைசி வரிசையில், தூணை ஒட்டி இடம். பாட்டு வரைக்கும் விழித்திருப்பார். பிரசங்கத்தில் தலை சாயும். மனைவி முழங்கையால் இடிக்கப் பார்ப்பார், பிறகு 'பரவாயில்லை, தூங்கட்டும்' என்று விட்டுவிடுவார். அப்பம் கொடுக்கும் நேரம் வந்ததும் சின்ன மகள் தட்டி எழுப்புவாள், "அப்பா, எந்திரிங்க, நம்ம வரிசை வந்திடுச்சு."